அனத்தோலின் சட்டை

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. துலூஸ், பிரான்ஸ்

வந்து சேர்ந்துவிட்டேன். இந்த டைரி மாப்பிள்ளை தினகரன் கொடுத்தது. அவர் ஆபீஸில் வருஷா வருஷம் கொடுப்பார்களாம், வீட்டில் எழுத ஆளில்லையாம். பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார். மகள் சுபா அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. எனக்கோ இந்த ஊர் பாஷை தெரியாது. யாரிடமாவது பேச வேண்டுமே என்று இதைத் திறந்திருக்கிறேன்.

மகள் பிரசவத்துக்கு அப்பன் தனியாகக் கிளம்பி வருவது எங்கள் வகையறாவில் இதுவே முதல் தடவை. வர வேண்டியவள் என் மனைவி அங்கயற்கண்ணிதான். இரண்டு பேருக்கும் விசா, டிக்கெட் எல்லாம் வந்த பிறகு, பொங்கலுக்கு வாசல் கழுவுகிறேன் என்று வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இப்போது கட்டுப் போட்ட காலோடு மதுரையில் கட்டிலில் கிடக்கிறாள். அங்கிருந்தே போனில் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. எதையாவது எடுங்கள் என்றாள் கவுன்டர் பெண். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. திறந்தால் மேலாக இருந்தது அங்கை கட்டிக்கொடுத்த பழந்துணி மூட்டை. என் பழைய எட்டு முழ வேட்டிகளும் அவளுடைய சுங்குடிச் சேலைகளும், துவைத்துத் துவைத்து நைந்தவை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் சுற்ற வேண்டும் என்பது நம் வழக்கம். அதற்கு அடியில் பிரசவ லேகியம், பூண்டு ஊறுகாய், கறிவேப்பிலைப் பொடி. கந்தலுக்காக லேகியத்தை விடுவதா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வழியனுப்ப வந்த அக்கா மகன் பாலகுருவிடம், "எங்கிட்டாச்சும் போட்ருடா" என்று கொடுத்துவிட்டேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஆயுசில் பாதியை ஜவுளிக்கடையில் கழித்தவனுக்குப் பிரான்சில் நல்ல துணி வாங்கத் தெரியாதா என்ன.

இறங்கியதும் அங்கை போனில் கேட்ட முதல் கேள்வி: "துணி மூட்டை பத்திரமா?"

"பத்திரம்" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இங்கே குளிர் எலும்பைத் தேடி வருகிறது. இன்னொரு கம்பளி கிடைக்குமா என்று என் அறை அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், சுவரை ஒட்டி, ஒரு வெள்ளைக் காகிதப் பை. கடைப் பை. கருநீல எழுத்து. வாய் மடித்து ஒட்டியபடியே இருந்தது. கையை நீட்டினேன். கதவருகே நின்றிருந்த தினகரன், "அது வேணாம் மாமா, கம்பளி கீழ இருக்கு" என்றார். மாப்பிள்ளை சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அந்த வார்த்தை மட்டும் சத்தமாக வந்தது.

சுபாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டேன். தொட்டில் இல்லை, ஒரு சட்டை இல்லை, கைக்குட்டை அளவுத் துணிகூட இல்லை. பிறப்பதற்கு முன் புதுத்துணி எடுக்கக்கூடாது என்பார்கள்தான். ஆனால் சுபா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிற பிள்ளை. இந்த ஊரில் தெரிந்த தமிழ் வீடுகளுக்குக்கூட விஷயத்தைச் சொல்லவில்லையாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததை இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கிழித்துக் கொடுக்க என்னிடம் ஒரு பழைய வேட்டி மிச்சமில்லை. உடுத்திக்கொள்ள என்று அங்கை வைத்ததெல்லாம் பிரான்சுக்கென்றே எடுத்த புது ஒட்டிக்கோ வேட்டி. பாலியஸ்டர் கலந்தது. நடந்தால் பக்கத்து வீட்டுக்கே சரசரவென்று கேட்கும்.

பிப்ரவரி 15, சனி

டாக்டர் சுபாவை நடக்கச் சொல்லியிருக்கிறார். மூவரும் நகருக்குள் போனோம். ஊரெல்லாம் செங்கல் நிறம். பூசாமல் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன், அதுதான் அழகாம்.

கடைத்தெருவில் ஓரிடத்தில் சுபா என் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள். கார் வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தினகரன் பின்னால் ஓடினார். அவள் தாண்டிப்போன கடையை நான் நின்று பார்த்தேன். குழந்தைத் துணிக்கடை. பலகையில் அதே கருநீல எழுத்து.

அங்கை போன் செய்தாள். "மூட்டையப் பிரிச்சு வெயில்ல போட்டீங்களா?" இங்கே வெயிலே இல்லை என்றேன். அதாவது உண்மையைச் சொன்னேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மெட்ரோ ஏறி நகருக்குப் போனேன். நல்ல துணியாக வாங்கி, நாலு தடவை துவைத்து, பழசு என்று கணக்குக் காட்டிவிடலாம் என்பது என் யோசனை.

பல்மாடிக் கடை ஒன்றில் குழந்தைகளுக்கென்றே தனித் தளம். ஒவ்வொரு கம்பெனிப் பெயருக்கும் ஒரு மூலை. போனை எழுத்துக்கு நேரே காட்டினால் அது வாசித்துச் சொல்கிறது. முதல் மூலை ஜகாதி. கவுன் கழுத்தில் சுருக்கு வைத்து, நூலால் பூ வேலை. கல்யாண வீட்டுக்குத்தான் போடலாம். அடுத்ததில் சுத்தமான பாப்ளின், கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழிகிறது. விலைச்சீட்டைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு எங்கள் கடையில் மாப்பிள்ளைக்கே கோட்டு சூட்டு எடுத்துவிடலாம். ஆள் பாதி ஆடை பாதி என்பது பெரியவர்களுக்குச் சொன்னது. இங்கே குழந்தை கால், ஆடை முக்கால்.

மூன்றாவதாகக் கருநீல எழுத்து. பெத்தி பத்தோ. சின்னப் படகு என்று அர்த்தமாம். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பனியனை எடுத்தேன். மெல்லிய வரியோடிய பின்னல், முழுப் பருத்தி. இழுத்தால் கொடுக்கிறது, விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. துணியின் யோக்கியதை உள்பக்கத்தில்தான் தெரியும் என்பது எங்கள் தொழில் பாடம். திருப்பினேன். ஒரு தையல்கூடத் துருத்தவில்லை. தோளில் முன்துணியும் பின்துணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. குழந்தையின் தலை வலிக்காமல் நுழைவதற்காம். கடைப்பெண்ணே ஒரு பொம்மைக்குப் போட்டுக் காட்டினாள். யார் யோசித்தாரோ, அவர் வீட்டில் குழந்தை இருந்திருக்க வேண்டும்.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான், அலமாரியில் இருக்கும் பையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. கையிலிருந்த பனியனை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். எதுவும் வாங்கவில்லை.

எழுதமாட்டேன் என்றேன். எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், இதே எட்டாம் மாதத்தில், சுபாவின் முதல் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. பெண் குழந்தை. அப்போது எங்களால் வர முடியவில்லை. போனில் அழுதோம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, புதன்

அங்கையிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். இங்கே அருமையான துணியெல்லாம் இருக்கிறதே, கூடவே ஒன்றிரண்டு எடுத்தால் என்ன?

"எத்தன லட்சம் குடுத்து எடுத்தாலும் புதுசு புதுசுதான். ஆகாது. இங்க பாருங்க, ஒண்ணு தங்காமப் போன வயித்துல அடுத்தது பொறந்தா, நல்லாப் பொழச்ச பிள்ளைக இருக்குற வீட்டுல போயி பிச்சையா வாங்கித்தான் மொதத் துணி போடணும். காசு குடுக்கக் கூடாது. நம்ம சாமிக்கு அதான் கணக்கு. பிச்ச எடுத்த பிள்ளைய எவனும் கண்ணு வெக்க மாட்டான்."

"நீ குடுத்த மூட்டைதான் இருக்கே" என்றேன்.

"இருக்குல்ல? இருக்கட்டும். அதுக்கு மேல பிச்சையா ஒண்ணு வேணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சாப்பிடும்போது, "குழந்தைக்குன்னு ஒரே ஒரு சட்டை எடுத்து வெப்பமாம்மா? ஆஸ்பத்திரிக்குத் துணி நாமதான் கொண்டு போகணுமாமே" என்றேன்.

சுபா கரண்டியை வைத்துவிட்டாள். "போன தடவ ஒவ்வொண்ணா நானே போயி எடுத்தேன்பா. தொவச்சுக்கூட வெக்கல, புதுசாவே இருக்கட்டும்னு வெச்சேன். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா வாங்க மாட்டேன். யாரும் வாங்கக் கூடாது."

எழுந்து உள்ளே போய்விட்டாள். ரசம் அப்படியே இருந்தது. தினகரன் அவள் தட்டை மூடி வைத்துவிட்டு, "விடுங்க மாமா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

போன தடவை இந்த வாரத்தோடு நின்றது. சுபா வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சாப்பிடும்போதும் இடது கை அங்கேதான்.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்குப் பத்துத் தெரு தள்ளி ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடுகிறது. வீட்டில் தேவையில்லாததையெல்லாம் அவரவர் மேஜை போட்டு விற்கிறார்கள். காலணி, பீங்கான், கதவுப்பிடி, ஒரு மேஜையில் பல்செட்கூடப் பார்த்தேன்.

ஒரு மேஜை முழுக்கக் குழந்தைத் துணி. விற்கிற பெண்மணிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். மழைச்செருப்பு போட்ட பொடியன் ஒருவன் மேஜைக்கு அடியில் குகை கட்டி விளையாடுகிறான். மேலே மூன்று பெண் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். நாலும் கன்னம் சிவந்து, தொண்டை கிழிய, நன்றாக இருக்கின்றன. குவியலில் கையை விட்டேன். சின்னப் படகு. நாலு பிள்ளைகள் போட்டு, எத்தனையோ தடவை துவைத்து, அங்கையின் சுங்குடி மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் தையல் விடவில்லை, கழுத்து தொங்கவில்லை. நல்ல துணி எது என்று கடையில் தெரியாது, இப்படிப் பழசானால்தான் தெரியும். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. பழசுக்குப் பழசு, தரத்துக்குத் தரம்.

விலையை விரலால் காட்டினாள். அங்கை சொன்னது நினைவுக்கு வந்தது. காசு கொடுக்கக் கூடாது. போனை எடுத்து, "அம்மா, இதை எனக்குப் பிச்சையாகப் போடுங்கள்" என்று தமிழில் சொன்னேன். போன் பிரெஞ்சில் கணீரென்று ஒப்பித்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாப்பிள்ளையின் கோட்டு, புது ஷூ. பக்கத்து மேஜைக்காரன் திரும்பினான். அவள் பாவம் பார்த்து, தன் பையைத் திறந்து, இரண்டு ஈரோ நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்!

காது இரண்டும் சுட்டது. நாணயத்தை மேஜையிலேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு வேகமாக வந்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டால் இப்படித்தான்.

மார்ச் 3, திங்கள்

அங்கையிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கால் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கோபம். "அந்தக் காச ஏன் வெச்சுட்டு வந்தீங்க? மகராசி கையால போட்டது."

கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஏங்க, கிறுக்குத்தனமா நீங்களா போயி நிக்காதீங்க. மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போயி, வெவரத்தைச் சொல்லிக் கேளுங்க. தாய்க்குத் தாய் புரியும்."

மாப்பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆரம்பிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் ரொட்டி வாங்கப் போனபோது தினகரனாகவே, "அத்த எல்லாம் சொன்னாங்க மாமா" என்றார். பிறகு நடந்துகொண்டே, வேறு பக்கம் பார்த்தபடி பேசினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சுபா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும்னு. தொட்டிலைக் குடுத்துட்டேன். தள்ளுவண்டியக் குடுத்துட்டேன். அந்தப் பையை மட்டும் கடையில திருப்பிக் குடுக்கப் போனேன் மாமா. கவுன்டர்ல 'சைஸ் மாத்தணுமா'ன்னு கேட்டாங்க. திரும்பி வந்துட்டேன்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். மாப்பிள்ளை தோளில் கை போட்டு எனக்குப் பழக்கமில்லை.

சந்தைக்குப் போனோம். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். தினகரன் பிரெஞ்சில் பேசினார். நெடுநேரம் பேசினார். எங்கே வந்ததும் அவர் குரல் உடைந்தது என்று பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அவள் பெயர் கொரின். முழுவதும் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். மேஜையில் இருப்பதெல்லாம் ஒரு வயசுக்கு மேல் போடுவதாம். பிறந்த குழந்தைக்கானது அவள் வீட்டுப் பரணில் பெட்டியில் இருக்கிறதாம், அடுத்த ஞாயிறு கொண்டுவருவாளாம். ஒரு துண்டுச் சீட்டில் வீட்டு விலாசம் எழுதி என் கையில் கொடுத்தாள். சந்தையை ஒட்டிய தெருதான்.

காசு கொடுக்கமாட்டோம் என்பதையும் தினகரன் சொன்னாராம். "கொடுத்தால்தான் கோபம் வரும்" என்றாளாம்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. அவசரமில்லை.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சுபாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. பொய் வலி என்று நினைத்தோம். பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. தினகரன் அவளைக் காரில் கூட்டிப் போனார். அறையில் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். சுபா கார் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான்.

சுவாமி படத்தின் முன்னால் உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. கீரையை ஆய்ந்து வைத்தேன். யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரியாமல் ஒரு படி அரிசி களைந்துவிட்டேன்.

மத்தியானம் தினகரன் போன் செய்தார். "மாமா, சீக்கிரம் பொறந்துரும்ங்கிறாங்க. குழந்தைக்குத் துணி கேக்குறாங்க. நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல. கடைக்குப் போறதுக்கு என்னால இவளை விட்டு வர முடியல." பிறகு அவரே சொன்னார்: "அந்தப் பையை எடுத்துட்டு வந்துருங்க."

அலமாரியைத் திறந்து பையை இறக்கினேன். கனமே இல்லை. மடித்து ஒட்டிய வாயில் தூசி. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறந்தவுடன் இந்தக் குழந்தைக்கு இதைப் போடுவதைச் சுபா பார்க்க வேண்டுமா? நம்பிக்கை, சாஸ்திரம் எல்லாம் கிடக்கட்டும். இதை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டோடும் ஒட்டிக்கோ வேட்டியோடும் ஓடினேன். போனை மேஜையிலேயே விட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பவில்லை.

கொரின் வீட்டு மணியை அடித்தேன். புதன் மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது போலிருக்கிறது, நாலும் கதவில் வந்து நின்றன. பின்னால் அவள், கையில் மாவோடு. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பிரெஞ்சும் இல்லை, போனும் இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து ஏந்தினேன். மடிப்பிச்சை. ஊரில் கோயில் நேர்த்திக்குக்கூட நான் இப்படி ஏந்தியதில்லை. ஜவுளிக்கடையில் அடுத்தவர் கையில் துணியைப் போட்டே பழகியவன்.

அவள் என் துண்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். தலையாட்டினேன். மாவுக் கையோடு மாடிப்படியில் ஓடினாள். பெரிய பெண்ணும் பின்னால் ஓடியது. பரணில் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக என் துண்டில் வைத்தாள். வரியோடிய வெள்ளைப் பனியன், கால் மூடிய சட்டை, குல்லாய். மழைச்செருப்புப் பொடியன் தன் பங்குக்கு ஒரு காலுறை கொண்டுவந்து போட்டான். அது அவனுடைய இப்போதைய காலுறை, ஓட்டை வேறு. கொரின் எடுக்கப் போனாள். நான் துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டாள். எந்த ஆஸ்பத்திரி என்று தினகரன் ஞாயிறன்றே அவளிடம் சொல்லியிருந்தார்.

உள்ளே விட்டபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். அழுகிறாள், நான் காதால் கேட்டேன். சுபாவின் நெஞ்சில் போர்வைக்குள் கிடந்தாள். சுபா என்னைக் கண்டதும் முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

"அந்தப் பையாப்பா?"

"இல்லம்மா." துண்டைப் பிரித்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

பனியனை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாள். வேறு வீட்டுச் சோப்பு வாசனை. ரொம்ப நேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்ததும் கேட்டாள்: "அவங்க பிள்ளைங்க எல்லாம் நல்லாருக்காங்களாப்பா?"

நம்பிக்கையெல்லாம் இல்லை என்ற என் மகள் கேட்டாள்.

"நாலு. வீட்ட ரெண்டாக்குதுக. நானே இப்பப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"போடுங்கப்பா" என்றாள். நர்ஸ் போட்டாள். தோளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அந்தத் துணிக்குள்ளே சின்னத் தலை வலிக்காமல் நுழைந்தது.

மார்ச் 13, வியாழன்

காலையில் வேறு நர்ஸ். வந்தவள் குழந்தையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன்ஷூர் அனத்தோல்!" என்று வணக்கம் சொன்னாள். தினகரன் விழுந்து விழுந்து சிரித்தார். பனியனின் உள்கழுத்தில் சின்ன நாடாவில் பெயர் தைத்திருக்கிறது. குழந்தைக் காப்பகத்தில் துணி மாறிவிடாமல் இருக்க இங்கே அப்படித் தைப்பார்களாம். அனத்தோல் என்பது அந்த மழைச்செருப்புப் பொடியன்.

நான் கத்தரிக்கோல் கேட்கப் போனேன். "இருக்கட்டும்ப்பா" என்றாள் சுபா. "கொஞ்ச நாளைக்கு அவ அனத்தோலாவே இருக்கட்டும்."

அங்கைக்கு வீடியோவில் காட்டினேன். அழுதாள், கும்பிட்டாள், பெயர் விஷயத்தைக் கேட்டதும் குதூகலம் தாங்கவில்லை. நம் பக்கம் தங்காத வீட்டில் தங்கிய பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பார்கள். "அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள். சமயம் பார்த்து நானும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

"அங்கை, அந்தத் துணி மூட்டை..."

"இங்க பீரோ மேலதான் இருக்கு" என்றாள். "பாலகுரு மறுநாளே கொண்டாந்து குடுத்துட்டான். நீங்க எம்புட்டுத் தூரம் போறீங்கன்னு பாத்தேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். போன மாதம் முழுக்க வெயிலில் போட்டீர்களா, பூச்சி வராமல் பார்த்தீர்களா என்று ஒவ்வொரு நாளும் விசாரித்தவள்.

"அப்பவே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க பாட்டுக்குக் கடையில வாங்கிட்டு வந்திருப்பீங்க. பிச்சைக்குப் போயிருப்பீங்களா?"

போயிருக்கமாட்டேன்.

மார்ச் 22, சனி

லேகியத்தைச் சுபா தொட மறுக்கிறாள். கொரினுக்குப் பிடித்திருக்கிறது. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறேன். குழந்தைக்குக் கயல்விழி என்று பதிந்திருக்கிறார்கள், பாட்டி பெயரிலிருந்து எடுத்தது. வீட்டில் அனத்தோல்தான். கொழுகொழுவென்று ஆகிவிட்டாள். தூக்கினால் என் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சுபா குழந்தையோடு என் அறைக்கு வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பைய எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிய வாயை அவளே பிரித்தாள். உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றி, வெள்ளையில் ஒரு பனியன், பொடி நீலக் கோடு போட்ட இன்னொன்று, அதே கோட்டில் குல்லாய். சீட்டு அறுக்கவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நானும் ஒரு ஓரத்தைத் தொட்டேன். கடையில் நான் பார்த்த அதே பின்னல்தான்.

"அவளுக்குன்னு எடுத்தது" என்றாள். "அவளுக்கு ஒண்ணுமே போட்டுப் பாக்கல." அழுதாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இவளுக்குப் போட்டுப் பாப்பமா?"

எனக்குத் திக்கென்றது. அங்கையைக் கேட்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் குழந்தையைக் கட்டிலில் கிடத்தித் தலையைத் தாங்கிக்கொண்டேன். தலை எப்படியோ நுழைந்தது. வலது கையை விட்டாள், முழங்கையில் சிக்கியது. அனத்தோல் கோபத்தில் கத்தினாள். இழுத்தாள் சுபா, கீழ்ப் பொத்தான் தொடைக்கே வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"பத்தலப்பா."

குழந்தையைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள்.

"பெருசாயிட்டாப்பா. இவ பெருசாயிட்டா."

சிரித்தாள். சிரிக்கும்போதே மறுபடி அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். துணி பத்தவில்லை என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் கடையில் எனக்கு எரிச்சலாக வரும். இன்று அதே சொல்லைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பனியனைக் கழற்றி, நான் மடித்துக் கொடுத்தேன். காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். பையை மேல்தட்டுக்குத் தரவில்லை. தன் சேலைகள் இருக்கும் தட்டில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் அவளே சமையலறைக்கு வந்து நின்றாள். "ஊருக்குப் போறதுக்குள்ள அந்தக் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருங்கப்பா. அடுத்த சைஸ்ல ரெண்டு எடுத்துட்டு வாங்க. புதுசா."

இன்று ஞாயிறு, கடை இல்லை. நாளை காலை திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன்.